அழைக்காமல் வராதவர்

"அம்மணி, மகேந்திரன் வூடு இதுதானே?"

வாசலில் நின்றவர் நல்ல உயரம். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.

பூங்குழலி ஆமாம் என்று தலையாட்டினாள். அடுத்துச் சொல்லவேண்டிய சொல் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவள் வேலை. சில மாதங்களாக ஒரே ரத்தக்காட்டேரிக் கதை. அது வெயிலில் வராது. பூண்டு வாடை ஆகாது. வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்காமல் வாசப்படியைத் தாண்டாது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியவள்தான். போன வாரம் எதிர்வீட்டு மாதேவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லையாம். ஏன் என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியவில்லை. அதற்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்திருக்கிறார்.

உயரமானவர் என்று தெருவில் பேச்சு.

அன்றிலிருந்து பூங்குழலி சிரிப்பதில்லை.

வந்தவர் தன் பெயர் சித்தையன் என்றார். மலையடிவாரத்துக் கௌதள்ளிக்காரர். அவள் புருஷன் மகேந்திரனுக்குச் சித்தப்பா முறை. கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூருக்கு வந்து, ஆட்டோக்காரனிடம் கன்னடத்தில் சண்டை போட்டு வீடு கண்டுபிடித்த கதையையும் சொன்னார்.

எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது, அவருடைய கால்களைத் தவிர. இரண்டும் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்றன. ஊரிலிருந்து வருகிற எந்தச் சித்தப்பா வாசலில் நிற்பார்? பேசிக்கொண்டே உள்ளே வந்து, ஃபேனைப் போடச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பெயரைச் சொல்வார்கள்.

அவரைப் பார்த்தபடியே மகேந்திரனுக்கு போன் போட்டாள். ஃபேக்டரி இரைச்சலுக்கு நடுவே அவன் சந்தோஷத்தில் குதித்தான். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிப்போய்த் தேர் காட்டிய மனுஷராம் சித்தையன் சித்தப்பா. இப்போது பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று கேட்டாள்.

"எத்தனையோ வருசமாச்சு, மூஞ்சி எங்க ஞாபகம் இருக்குது? நீ எழுதற காட்டேரியையெல்லாம் வூட்டுக்குக் கூட்டியாராத. மொதல்ல வாங்கன்னு சொல்லு."

போனை வைத்தாள். சொல்லவில்லை.

புருஷன் வீட்டுப் பெரியவரை அந்த ஒரு சொல் இல்லாமல் திருப்பி அனுப்பினால் பேச்சு அவர்கள் ஊர்ப்பக்கம் ராமாபுரம்வரை போகும். தன் காலத்துக்கும் தீராது. தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டாள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதுவரை பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை. அவர் சட்டென்று அரையடி பின்வாங்கினார்.

விரதம் என்றார். மலைக்குப் போகிறாராம். எந்த மலைக்கு என்று கேட்டாள். நம்ம மலைதான் என்றார். அந்தப் பக்கத்து ஆட்கள் தும்மினாலும் அந்த மலைச்சாமி பெயரைச் சொல்லி மாதேஸ்வரா என்பார்கள். இவர் அந்தப் பெயரைக் கடைசிவரை உச்சரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தமிழ்ப்ரியா ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் சைக்கிளிலிருந்து விழுந்த காயம். ஓடிய வேகத்தில் முட்டியில் ரத்தம் மறுபடி முத்தாகத் துளிர்த்திருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வரவேற்கச் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. அவரை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள். பூங்குழலி உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

அவர் பார்வை முட்டியிலேயே நின்றது. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

"புள்ளைக்கு ரத்தம் வருது அம்மணி. நான் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க மாமா. அவருக்கு நைட் ஷிஃப்ட்டு. நாளைக்குப் பகல்லதான் இருப்பாரு."

பகல் என்பதைச் சற்று அழுத்தியே சொன்னாள். குழந்தையைப் பின்னுக்குத் தள்ளி, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் முகம் தளர்ந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவமானப்பட்ட ஒரு கிழவரின் முகம்தான் அது. ஒரு கணம் அவளுக்கே நெஞ்சு சுருக்கென்றது. நிஜமாகவே சித்தப்பாவாக இருந்துவிட்டால்?

ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"செரி அம்மணி. அப்ப நான் வர்றேன்."

திரும்பினார். ஒரு படி இறங்கினார். தெருவிளக்கு எரிந்தது. பூங்குழலிக்கு அடக்கிவைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. பிள்ளை பிழைத்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிற மனுஷரிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

"செரிங்க மாமா, வாங்க."

போகிறவர்களைப் போங்க என்று சொல்லி அனுப்ப அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அடுத்த படிக்கு இறங்கிய கால் அப்படியே நின்றது.

சித்தையன் நிதானமாகத் திரும்பினார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தார்.