கதவு வேஷம்

“வாளும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். நான் கதவா இருந்துக்கறேன்” என்றார் அப்பா.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். “இந்த விளையாட்டுல பூதமா வரலாம், சூனியக்காரனா வரலாம். கதவா யாருப்பா வருவா?”

“ஏன், நீ மட்டும் ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழற வைத்தியச்சியா வரலாமா?”

கதவின் இரு பக்கமும் இருவரும் அதில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம், கதையை மகள் சொல்வாள், இக்கட்டு வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். அப்பா அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ள இதை விட்டால் வேறு வழியில்லை.

எல்லாம் ஒரு நொடியில் நடந்தது. அப்பா சாலையோரம் காரை நிறுத்தி, பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்ததுதான் தப்பு. பைக்கில் வந்த பையன் மோதி விழுந்தான், எழுந்திருக்கவில்லை.

வழக்குகூட முடிந்துவிட்டது. அறைக் கதவுதான் திறக்கவில்லை. அம்மா கெஞ்சினாள், திட்டினாள், டாக்டரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினாள். கடைசியில் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கடியில் உள்ளே தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகப் பழகிக்கொண்டாள்.

“சரி, நீங்க கதவு. என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன். திறந்தாத்தானே யாருக்காவது ஏதாவது ஆகும்? திறக்கவே மாட்டேன்.”

மகள் கதை சொல்லும் குரலில் ஆரம்பித்தாள். “பாதாளச் சிறை. உள்ள வைத்தியச்சி மாட்டிக்கிட்டிருக்கா. தீ பிடிச்சிருச்சு. ஜன்னல் கிடையாது. இருக்கறது ஒரே கதவு.”

“வேற வழி ஏதாவது வையேன்.”

“வேற வழி இல்லப்பா. புகை கழுத்து வரைக்கும் வந்திருச்சு. அவ கதவைத் தட்டறா.”

கதவு நிஜமாகவே தட்டப்பட்டது. மெதுவாக, அப்பாவின் முதுகுக்கு நேராக.

“அவளுக்கு மூச்சு முட்டுதுப்பா.” மகளின் குரல் உடைந்தது. “பதினஞ்சுக்கு மேல விழுந்தா கதவு திறக்கும். உருட்டுங்க.”

அப்பா தன் பக்கம் இருந்த பகடையை எடுத்து உருட்டினார். அது தரையில் ஓடி, சுவரில் இடித்து நின்றது. மூன்று.

“எவ்வளவுப்பா?”

அவர் அந்த மூன்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபது” என்றார்.

துருவேறிய தாழ்ப்பாள் முரண்டு பிடித்து, பிறகு விலகியது. கதவு திறந்தது. தாடி மண்டிய அந்த முகத்தை ஒரு கணம் பார்த்த மகள், அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“அம்மா… அப்பா வெளிய வந்துட்டாரு!”