மணிமலையிலிருந்து இறங்கும் வழி

நான் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். கையில் பாதி கடித்த போண்டா இருந்தது.

போண்டா நிஜம். மேகம் கவிநிலாவின் கற்பனை.

வேங்கிக்காலில் அவள் வீட்டு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் உண்டாக்கிய உலகத்தில் நாங்கள் மூன்று பேர் செத்துக்கொண்டிருந்தோம். அவள் உலகத்தைச் சொல்வாள். அதற்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவோம். விளையாட்டு அவ்வளவுதான்.

ஆனால் அன்று அது வெறும் விளையாட்டு இல்லை. பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி புது உலகங்களை உருவாக்க ஆள் எடுக்கிறது. சாயங்காலத்துக்குள் அவள் தன் உலகத்தை அனுப்பியாக வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். நாலு பேரை வைத்து விளையாடிப் பார்த்திருக்க வேண்டும். அதில் ஒருவராவது உயிரோடு திரும்பியிருக்க வேண்டும்.

நாலு பேர் கிடைக்கவில்லை, மூன்றுதான் கிடைத்தோம். அதையாவது மன்னித்துவிடுவார்கள்.

அவள் உலகத்தில் இயற்பியல் விதி ஒன்றே ஒன்று. நடுவில் மணிமலை நிற்கிறது. அதைச் சுற்றினால் எடை குறையும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி. அந்த ஊரில் நெல் மூட்டைக்கு லாரி வேண்டாம். மலையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தால் குழந்தைகூடத் தூக்கிவிடும். மேய்ச்சலுக்குப் போன ஆடுகளைக் கயிறு போட்டு இறக்குவார்கள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் மாமியார் மலைப்பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பார்கள்.

நாங்களும் சுற்றினோம். பஞ்சாக ஆனோம். மிதந்து உச்சிக்குப் போய் அங்கே தொங்கிய மணியை அடித்தும்விட்டோம். அதுவரை எல்லாம் ஜோர்.

இறங்கத்தான் வழியில்லை.

சாப்பிட்டால் எடை கூடும் என்று கவிநிலா கணக்குப் போட்டிருந்தாள். மூட்டையை அவிழ்த்தோம். புளிசாதமும் எங்களோடு மலையைச் சுற்றியதுதானே, அதற்கும் எடை இல்லை. பருக்கை பருக்கையாக வானத்துக்குப் போனது. சட்டைப் பையில் கல்லைப் போடலாம் என்றான் என் நண்பன் ஜுபைர். உச்சி முழுக்க ஒரே வழுக்குப் பாறை, பொறுக்கக் கல் கிடையாது. மணியைக் கழற்றப் பார்த்தான். பகடையில் ஒன்றுதான் விழுந்தது, மணி அசையவில்லை.

பயந்துபோய், உச்சியிலேயே இன்னொரு சுற்று சுற்றுகிறேன் என்றேன் நான். எங்கள் ஊரில் கஷ்டம் வந்தால் மலையைச் சுற்றிக் கிரிவலம்தானே போவோம்.

இருந்த கொஞ்ச எடையும் போய் மேலே கிளம்பினேன். ஜுபைர் என் காலைப் பிடித்தான், அவனும் கூடவே வந்தான். எங்களைக் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை ஹானி அக்காவின் இடுப்பில். அக்கா பாறை விளிம்பை விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

உம்மே ஹானி, ஜுபைரின் அக்கா. கலெக்டர் ஆபீசில் வேலை. விளையாட்டில் அதிகம் பேச மாட்டார். நாங்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வருகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

கவிநிலாவின் முகம் சுருங்கிவிட்டது. நாலு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உண்டாக்கிய உலகம். என் சாவைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மாறனும் ஜுபைரும் காலி. நீங்கதான் பாக்கி அக்கா. என்ன செய்யறீங்க?"

மலைக்குப் பதிலாக மேஜைமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தோம். அக்கா அதையே பார்த்தார். "பாறையைப் பிடிச்சிக்கிட்டு உச்சியைச் சுத்தறேன்."

"ஐயோ, வேணாங்க்கா! நீயும் பறந்துடுவே!" என்று ஜுபைர் கத்தினான்.

"மலையை என் இடது கைப் பக்கம் வெச்சிக்கிட்டு," என்றார் அக்கா.

நான் போண்டாவைக் கீழே வைத்தேன்.

பிறந்ததிலிருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்தே நடந்தவர்கள் நாங்கள். ஜுபைருக்குக் கிரிவலப் பாதையில் மொபைல் கடை. பௌர்ணமிக் கூட்டம் வருகிற பக்கமே பார்த்துப் பார்த்துக் கழுத்து கோணிவிட்டது என்பான். ஒரு மலையை மறுபக்கமாகவும் சுற்றலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த உலகத்தைப் படைத்தவளுக்கே தோன்றவில்லை. எந்தப் பக்கமாக என்று விதியில் அவள் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

கவிநிலா பேனாவைக் கடித்தாள். நகத்தையும் கடித்தாள். பிறகு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அப்படின்னா எடை ஏறணும். ஏறித்தான் ஆவணும்!"

அக்கா டம்ளரைச் சுற்றி இரண்டு விரலால் நடந்தார். முதல் சுற்றில் பாதம் பாறையில் பதிந்தது. அடுத்த சுற்றில் கயிறு விறைத்தது. இன்னும் சுற்றச் சுற்ற, கயிற்றோடு சேர்ந்து சுற்றிய நானும் ஜுபைரும் எடை கூடி, காற்றாடியைப் போலக் கீழே வந்து சேர்ந்தோம். பிறகு மலையைவிட்டு நடந்தே இறங்கினோம், மூன்று பேரும் உயிரோடு! நான் போட்ட கூச்சலில் கவிநிலாவின் அம்மா என்னவோ ஏதோ என்று மாடிப்படி ஏறி ஓடிவந்தார்.

"உனக்கு மட்டும் எப்படிக்கா தோணுச்சு?" என்றான் ஜுபைர்.

"போன மாசம்தானே உம்ரா போய்ட்டு வந்தேன்? காபாவை இடது பக்கம் வெச்சித்தான் சுத்தினேன்." தம்பியின் தலையில் ஒரு குட்டு விழுந்தது. "ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டு வந்தவனே நீதான்டா."

கவிநிலா லேப்டாப்பை இழுத்து விதியின் மறுபாதியைத் தட்டத் தொடங்கினாள். இடது பக்கம் சுற்றினால் எடை ஏறும். தட்டியவள் சட்டென்று நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்க சுத்தறப்போ நிஜமாவே ஏறின மாதிரி இருந்துச்சாக்கா?"

"முதல்ல நீ அதை அனுப்பும்மா."

அனுப்பினாள். கிடைத்தது என்று பெங்களூரிலிருந்து பதிலும் வந்தது. அக்கா லேப்டாப்பை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதைத் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"ஏறலைம்மா," என்றார். "எனக்கு ரொம்பக் கம்மியாயிடுச்சு."