எதற்கும் ஆகாத ஒன்று

கடலாடிக்கு மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகியும், ஊருக்கு அவர் வெறும் தமிழய்யாதான். அவர் வீட்டுக் கதவை முதன்முதலாகத் தட்டியவள் பூமயில். துணி மூடிய முறத்தை மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள்.

"அய்யா, எதுக்குமே ஆகாத பொருளுக்கு ஒரு பேரு சொல்லுங்க."

சொல்லைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவருக்குத் தாளவில்லை.

"கூளம். வைக்கோல் உதிர்ந்து மிஞ்சுவது."

"அதை மாடு தின்னுருமே."

"குப்பை?"

"வயலுக்கு எருவாப் போயிருது."

"அப்படியானால் பதர். உள்ளே மணியே இல்லாத நெல்."

"காத்து கொண்டுபோயிருமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "யாரைத் தாயி இப்படித் திட்டப் போறே?"

"திட்டவா?" பூமயில் துணியை விலக்கினாள். முறத்தில் பச்சைக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. "மொதப் புள்ள தங்கலைய்யா. அடுத்ததுக்குக் குப்பைன்னு பேரு வச்சோம். அதுக்கடுத்தது கூளம். வேண்டாத பொருளுன்னு எமன் விட்டுருவான்னுதான். ரெண்டையும் தூக்கிட்டான். இதையாச்சும் விடணும்ல?"

சண்டு, சக்கை, உமி என்று அவரிடம் சொற்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றும் யாருக்கோ வேண்டியிருந்தது.

"தில்லைநாயகம்னு வை" என்றார் கடைசியில்.

"அது சாமி பேருல்லய்யா?"

"என் பேரு. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து, அந்தப் பேரைத் தேடி ஒருத்தர்கூட வரலை."