பார்த்துப் பார்த்து எடுத்த மருமகள்

பேரையூரிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி மருமகள் நாகஜோதியை மதுரைக்கு அழைத்துவரும் சோலையம்மாள் மீது டயட்டீஷியன் பிருந்தாவுக்குத் தனி மரியாதை. பெண்ணுக்கு மாதவிடாய்க் கோளாறு என்று தெரிந்தே மகனுக்குக் கட்டிவைத்த மனுஷி. அவளுக்காக வீடு மொத்தத்துக்கும் குதிரைவாலிச் சோறு பொங்குகிறவள்.

“மூணு மாசமா நாள் தள்ளாம வருது. ஹார்மோனும் சரியாயிருச்சு” என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சிரித்தாள் பிருந்தா. “ஆனா குழந்தைங்கிறது ரெண்டு பேர் விஷயம். அடுத்த தடவை உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க.”

நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. சோலையம்மாளுக்கு முகம் கறுத்தது.

“ஜோதி, தண்ணி பிடிச்சுட்டு வா.”

அவள் வெளியே போனதும் சோலையம்மாள் பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் சரியாகலன்னே எழுதிக் குடுங்கம்மா. எம்மவனுக்குப் பிள்ளை பிறக்க வழியில்லைன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு.”

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே. பழி அவன்மேல விழக் கூடாதுன்னுதான், எட்டு ஊரு அலைஞ்சு, நாள் ஒழுங்கா வராத பொண்ணாத் தேடிப் பிடிச்சோம்.”

கதவு திறந்தது. நாகஜோதி பாட்டிலை நீட்டினாள்.

“முதல்ல நீங்க குடிங்கத்தே. எனக்காக எம்புட்டு அலைச்சல் உங்களுக்கு!”