கோணல் சார் ரேஸுக்குப் போனார்

“எல் போர்டு கோணலா இருக்கு. இறங்குங்க. ஃபெயில்!”

இந்த ஒரு வரியை வைத்தே காலம் தள்ளியவர் அவர். டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கும் அதிகாரி. வந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். ‘ஆள் புதுசு’ என்று ஊருக்குச் சொல்லும் அந்த எல் போர்டு நூல் பிடித்தமாதிரி நேராக இருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கோணல் சார்’.

அப்பேர்ப்பட்டவருக்கு ரேஸ் ஓட்டும் ஆசை வந்துவிட்டது.

கிளப்பில் பயிற்சி எடுத்து, வார இறுதிப் பந்தயத்துக்கு ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப் என்ற ரேஸ் வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கூரை கிடையாது, கதவு கிடையாது, எடையும் பெரிதாகக் கிடையாது. மிதித்தால் பறக்கும்.

“குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வச்சமாதிரி இருக்கு. இதுல படுத்துக்கிட்டா ஓட்டுவீங்க?” என்றாள் மனைவி.

“இது சயின்ஸ். உனக்குப் புரியாது.”

சனிக்கிழமை தகுதிச் சுற்றில் சயின்ஸ் அவருக்கும் புரியவில்லை. கடைசி இடம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வண்டியின் பின்பக்கம் இருந்த ஸ்டிக்கர். மஞ்சள் சதுரம், நடுவே கறுப்பில் பெருக்கல் குறி. முதல்முறை ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஒட்டியே ஆகவேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்தால், இந்த ஆள் எப்போது என்ன செய்வாரோ என்று தள்ளியே போவார்கள்.

“நடுரோட்டுல படுத்திருக்கிற மாட்டைச் சுத்திப் போறமாதிரி போறானுங்க!” என்று பொருமினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷெட்டில் மனைவியைத் தவிர யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நகத்தால் நெம்பி அந்த ஸ்டிக்கரை உரித்தார். ஒரு மூலை மட்டும் கிழிந்து வண்டியோடு தங்கிவிட்டது. மீதியைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“என்னங்க இது! ஊரையெல்லாம் இதுக்குத்தானே ஃபெயில் போடுவீங்க?”

“அது சட்டம், இது கௌரவம். இன்னிக்கும் கடைசியா வந்தேன்னா நாளைக்கு ஆபீசுல தலைகாட்ட முடியாது. நீ சும்மா இரு.”

பக்கத்து ஷெட்டில் வெள்ளை வண்டி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. அதன் அருகே ஹெல்மெட் மாட்டிய உருவம் ஒன்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கோணல் சார் கண்டுகொள்ளவில்லை.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்று முடிவதற்குள் ஒரு அதிசயம். முன்னால் எங்கோ போயிருக்க வேண்டிய அந்த வெள்ளை வண்டி, வேகம் குறைந்து ஓரமாக வந்துகொண்டிருந்தது. விட்டாரா? முந்தினார்!

அதற்கப்புறம் அது அவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அதுதான். அவர் வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் போட்டாலும் சரி, சறுக்கிப் புல்லில் இறங்கி ஏறினாலும் சரி, முந்தவே இல்லை. ஒரு சுற்று கூடுதலாக ஓடிவந்த சூரப்புலிகள்கூட இரண்டு வண்டிகளையும் விட்டு நன்றாக ஒதுங்கியே போனார்கள்.

‘பார்த்தியா, ஸ்டிக்கர் இல்லாமலே என்ன மரியாதை!’ என்று நெஞ்சை நிமிர்த்தினார். அந்த வண்டியில் நிமிர்த்த முடிந்த அளவுக்கு.

கடைசிக்கு முந்தின இடம். கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஒலிபெருக்கி அலறியது. “இன்றைய பெரிய அதிர்ச்சி! நேற்று எல்லோரையும்விட வேகமாக ஓட்டி, முதல் ஆளாகப் புறப்பட்ட வெள்ளை வண்டிக்குக் கடைசி இடம்!”

“வேகம் மட்டும் போதாது. நிதானம் வேணும்,” என்று மனைவிக்கு விளக்கினார். விளக்கியதோடு விடாமல், தோற்றவருக்கு நாலு புத்தி சொல்லப் பக்கத்து ஷெட்டுக்கும் போனார். மனைவியும் கூடவே போனாள்.

ஹெல்மெட்டைக் கழற்றியது ஒரு பெண். அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“ஏம்மா, ரேஸ் முழுக்க என் பின்னாடியே வந்தியே, முந்துறதுக்குத் தைரியம் வேணாமா? என்கிட்ட டெஸ்டுக்கு வந்திருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்.”

“வந்தேன் சார். போட்டீங்க,” என்று சிரித்தாள். “எல் போர்டு கோணல்னு.”

அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற எண்ணிக்கையா அது?

“என்னங்க, இங்க வாங்க.” மனைவி வெள்ளை வண்டியின் பின்பக்கம் நின்றிருந்தாள். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

போய்ப் பார்த்தார்.

மஞ்சள் சதுரம். கறுப்புப் பெருக்கல் குறி. ஒரு மூலை இல்லை. சுற்றிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

“பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும் இல்ல சார்?” என்றாள் அந்தப் பெண். “நீங்க பாட்டுக்குத் திடீர் திடீர்னு பிரேக் போடுறீங்க. எவனாவது தெரியாம வந்து இடிச்சிருந்தா?”

“என்மேல... புகார் கொடுத்திருக்கலாமேம்மா?”

“கொடுத்திருந்தா உங்களை ஓட்டவே விட்டிருக்க மாட்டாங்க. முதல் ரேஸ், ஆசையா வந்திருக்கீங்க.”

“அப்போ உன் கப்பு?”

“கப்பு எங்க சார் போயிடும்? அடுத்த தடவை வாங்கிக்கலாம்.”

கோணல் சார் குனிந்தார். முகம் சிவந்து, அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அதைப் பார்த்தாள்.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். இந்தத் தடவையாவது நேரா ஒட்டியிருக்கேனா?”