சரிவில் நின்ற யானை

ஒரு காட்டில் வயதான பெண் யானை ஒன்று ஓடையைக் கடக்கும்போது கால் தடுமாறி விழுந்தது. எழுந்து நிற்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் மணல்மேட்டில் படுப்பதும் எழுவதுமாக இருந்தது.

"வயசான காலத்துல ஏன் இந்தப் பாடு? நிழல்ல நிக்கலாமே," என்றது அதன் முதுகிலிருந்த கொக்கு.

"நின்னுக்கிட்டே இருந்தா, இன்னொரு தடவை விழுற அன்னைக்கு எந்திரிக்க முடியாது," என்றது யானை.

மழைக்காலத்தில் மலைச்சரிவில் இறங்கியபோது யானையின் காலடி மண் பெயர்ந்தது. கீழே பெரும்பள்ளம். கொக்கு பறக்கச் சிறகை விரித்தது. யானையின் பின்னங்கால்கள் நடுங்கின. பிறகு தொடைச் சதை பாறையாக இறுகியது. பள்ளத்தின் பக்கம் சாய்ந்த அவ்வளவு பெரிய உடம்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

யானை நடந்தது. விரித்த சிறகை மடக்கத் தோன்றாமல் கொக்கு அதன் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது.