குரங்கு பிடுங்கிய கத்தரிக்காய்

“விக்கிற விலையிலை இனிச் சந்தைப் பக்கம் போறேல்லை. வளவிலை காய்க்கிறதுதான் கறி!” என்று மனைவி மகாதேவி சட்டம் போட்டுவிட்டாள். இளையதம்பியும் நாள்தோறும் முருங்கையிலை தின்றார். வீட்டு வளவில் பருத்துவந்த கத்தரிக்காயைத்தான் நம்பியிருந்தார். இன்று காலை பார்த்தால் செடியில் பறிக்கிற அளவில் ஒன்றுகூட இல்லை.

“குரங்கு பிடுங்கிப்போட்டுது” என்றாள் மகாதேவி.

பின்னேரம் அவருக்குப் பொறுக்கவில்லை. கொடிகாமம் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், யாவாரியோடு மல்லுக்கட்டி, ஒரு பை கத்தரிக்காயோடு திரும்பினார்.

“ஏசாதையும். பாதி விலைக்கு மடக்கிப்போட்டன்! கட்டு அவிழ்க்காத பை, அப்பிடியே தந்திட்டான்.”

பையைப் பார்த்த மகாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னப்பா சிரிக்கிறீர்?”

“கட்டியிருக்கிற துணி ஆருடையது எண்டு பாருங்கோ.”

பார்த்தார். அவர் உடுத்துக் கிழிந்த பழைய சாரத்தின் கரை!

“காலமை கத்தரிக்காய் நல்ல விலை போச்சுது. கறியாக்க மனம் வருமே? சந்தை யாவாரிக்கு முழு விலைக்கு வித்துப்போட்டன்.”

இளையதம்பிக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. காசும் வீட்டில், கத்தரிக்காயும் வீட்டில்! அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப, குரங்கு?”

“இன்னும் பிஞ்சு கிடக்கு, அடுத்த கிழமையும் வரும். நீங்கள் பின்னேரம் சந்தைக்குப் போங்கோ.”